குரவைக் கூத்தும் பள்ளிக்கூடமும்

"செவ்விசை சிறுவர்க்கு எட்டாது, சிற்றூர்ச் சிறுவர்க்கு எட்டவே எட்டாது, மலைமேல் வாழும் சிறுவர்க்கோ அது வேண்டியதே இல்லை." இந்த மூன்று கூற்றையும் கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் படித்தவர் வாயிலாகவே நாம் கேட்டு வருகிறோம். கேடு நினைந்து சொல்லுகிறவர்கள் அல்லர் அவர்கள். கணக்கும் அறிவியலும் கற்கவே நேரம் போதாத பிள்ளைகள் தலையில் சங்கீதத்தையும் ஏன் ஏற்றவேண்டும் என்னும் இரக்கத்தாலேயே சொல்லுகிறார்கள். ஆனால் அந்த இரக்கத்தின் அடியில் ஓர் எண்ணம் கிடக்கிறது. செவ்விசை என்பது சில தெருக்களில், சில வீடுகளில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, பிறகு பெருமனம் கொண்டோரால் மற்றவர்க்குப் பிச்சையிடப்படும் பொருள் என்னும் எண்ணமே அது. வரலாறு அவ்வாறு சொல்லவில்லை.

சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் குரவை என்றொரு பகுதி இருப்பதைத் தமிழாசிரியர் எல்லோரும் அறிவர். தேர்வில் வினாவும் கேட்பர். ஆனால் அது ஓர் இசை வகுப்பு என்று சொல்லிக் கொடுப்பார் அரியர். மதுரையின் புறஞ்சேரியில், ஆயர்பாடியில், தீய குறிகள் தோன்றின என்று அஞ்சிய இடைமகள் மாதரி, குரவை ஆடுவோம் என்கிறாள். ஏறு வளர்த்த கன்னியர் எழுவரை அழைக்கிறாள். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு சுரங்களின் பெயரை அந்த ஏழு பெண்களுக்கும் இடுகிறாள். வட்டமாக நிறுத்துகிறாள். குரல் என்பவள் மாயவன். இளி என்பவள் அவன் தமையன் வெள்ளையன். துத்தம் என்பவள் பின்னை. கை கோத்து ஆடிக்கொண்டே, முல்லை நிலத்துக்குரிய இனிய பண்ணில் பாடத் தொடங்குகிறார்கள்.

தீக்குறியை ஆட்டத்தால் மாற்றலாம் என்று நம்பிய மாதரியின் நம்பிக்கை நமக்கு உடன்பாடன்று. காப்பியத்திலேயே அது பயன் தரவில்லை. கோவலன் இறந்தே போனான். நாம் பார்க்க வேண்டியது வேறு. மோர் விற்கும் குடியில் பிறந்த சிறுமியர் ஏழு சுரத்தின் பெயரை அறிந்திருக்கிறார்கள். அவற்றுள் எது எதற்கு உறவு, எது எதற்கு எதிர் நிற்பது என்பதை வட்டத்தில் நின்று உடலாலேயே அறிந்திருக்கிறார்கள். ஏட்டுச் சுவடியில்லை, தம்பூரா இல்லை, காணிக்கைத் தட்டும் இல்லை. ஒருவர் ஒரு சுரமாகி நிற்பது, அடுத்தவர் கையைப் பற்றியிருப்பது, இவ்வளவே. இளங்கோ இதை வியப்பாகவும் எழுதவில்லை. ஆயர்பாடியில் நடக்கும் அன்றாடச் செய்தி போலவே எழுதிச் செல்கிறார்.

அந்த முல்லைப் பண் எது என்பதை ஆராய்ந்தோர் பலர். ஈழத்துக் காரைதீவில் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராய் இருந்த விபுலானந்தர் 1947இல் வெளியிட்ட யாழ் நூலும், பின்னர் எஸ். இராமநாதன் செய்த ஆராய்ச்சியும் இத்துறையில் பேர்பெற்றவை. பழம் பாலைகள் சிலவற்றுக்கு இன்றைய பெயர் இன்னது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. முல்லைத் தீம்பாணி என்பது இன்று மோகனம் எனப்படும் இராகமே என்பதில் பெரும்பாலோர் ஒன்றுபடுகின்றனர். உழையும் தாரமும் நீங்க, எஞ்சிய ஐந்து சுரங்களால் ஆனது அது. சீனத்தாரும் ஸ்காட்லாந்து நாட்டாரும் தத்தம் நாட்டுப் பாடல்களில் இதே ஐந்து சுரங்களைப் பாடிவந்திருக்கிறார்கள் என்பதும் அறியத்தக்கது.

இப்போது நம் பள்ளிக்கூடத்துக்கு வருவோம். காலை வணக்கக் கூட்டத்தில் பிள்ளைகள் என்ன பாடுகிறார்கள்? 1891இல் வெளிவந்த மனோன்மணியம் நாடகத்தில் பேராசிரியர் சுந்தரம் பிள்ளை எழுதிய தமிழ்த்தாய் வாழ்த்தைப் பாடுகிறார்கள். 1970இல் அரசு அதனை ஏற்றது; 2021 திசம்பரில் மாநிலப் பாடல் என்று அறிவித்தது. மெட்டு அமைத்தவர் எம். எஸ். விசுவநாதன். இராகம் மோகனம், மூன்றன் நடை, 55 நொடியில் பாடவேண்டும் என்பது விதி. ஆக, சங்கராபுரத்துப் பிள்ளையும், சின்னசேலத்துப் பிள்ளையும், கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கிப் படிக்கும் பிள்ளையும், ஆய்ச்சியர் பாடிய அதே பண்ணை நாள்தோறும் பாடுகிறார்கள்! ஆண்டுக்கு ஏறத்தாழ இருநூறு முறை பாடுகிறார்கள். பத்தாண்டு படித்தால் இரண்டாயிரம் முறை. சங்கீத வித்துவான் வீட்டுப் பிள்ளைகூட ஒரே பாட்டை இத்தனை முறை பயிலுமா என்பது ஐயமே. தாம் பாடுவது இன்ன பண் என்று அவர்களிடம் எவரும் சொல்லவில்லை, குறை அவ்வளவுதான்.

மலைப் பிள்ளைகளுக்கு இசை வேண்டியதில்லை என்பார்க்கு இன்னொன்று சொல்லவேண்டும். குறிச்சி என்ற சொல்லே குறிஞ்சி நிலத்து ஊரைக் குறிப்பது. கள்ளக்குறிச்சியிலிருந்து பார்த்தால் மேற்கே வானத்தை மறைத்து நிற்கும் மலைத்தொடர் கல்வராயன். அதன் வடபால், தென்பெண்ணையைக் கடந்தால் செங்கம். பத்துப்பாட்டில் ஒன்றாகிய மலைபடுகடாம் செங்கத்தைத் தலைநகராகக் கொண்ட நன்னனைப் பாடுவது. பெருங்கௌசிகனார் இயற்றியது, 583 அடி கொண்டது. கூத்தர் கூட்டம் ஒன்று இசைக்கருவிகளைப் பையிலிட்டுத் தோளில் சுமந்து மலை கடந்து செல்கிறது. முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை என்று அந்தப் பையிலிருந்த கருவிகளைப் புலவர் எண்ணிச் சொல்லுகிறார். வழியில் எங்கே பள்ளம், எங்கே பாம்பு, எந்தப் பாறை வழுக்கும் என்றெல்லாம் எச்சரிக்கிறார். மலையில் எழும் ஒலிகளை மட்டுமே அடுக்கடுக்காய் விரித்துரைக்கிறார். அருவி ஒலி, விலங்கின் ஒலி, தினை குற்றும் பெண்டிர் பாட்டொலி எல்லாம் அதில் அடங்கும். நூலின் பெயரே அந்த ஒலியால் வந்தது. இன்றைக்கு இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் இசைக் கருவியோடு மனிதர் நடந்த மலைநாடு இது. மேடை, சபா, சீசன் என்ற சொற்களெல்லாம் பிறவாத காலம் அது.

சமவெளியில் திருநாவலூர் இருக்கிறது. இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஏழாம் திருமுறை பாடிய சுந்தரர் பிறந்த ஊர். தேவாரத்துள் செந்துருத்திப் பண்ணில் அமைந்த ஒரே பதிகம் அவருடையதே. அவர் பாடிய பொருளை ஏற்பவர் ஏற்கட்டும், ஏலாதார் விடட்டும். பண்ணைப் பற்றித்தான் நமக்குப் பேச்சு. தேவாரச் சுவடிகள் கண்டெடுக்கப்பட்டபோது அவற்றுக்குப் பண் வகுத்துக் கொடுத்தது யார்? எருக்கத்தம்புலியூரில் வாழ்ந்த, பாணர் மரபில் வந்த ஒரு பெண் என்று திருமுறைகண்ட புராணமே கூறுகிறது. அவ்வூர் விருத்தாசலத்துக்கு அருகில் உள்ளது. புராணத்தை நாம் எளிதில் நம்புகிறவர்கள் அல்லர். ஆயினும் தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண்ணொருத்தி இல்லாவிடில் பண் இல்லை என்று புராணக்காரரே ஒப்புக்கொள்ள நேர்ந்ததென்றால் அதில் உண்மை கலந்திருக்கத்தான் வேண்டும். பாணர்க்குப் பின்னாளில் நேர்ந்த கதி என்ன என்பதை நாம் விரிக்க வேண்டியதில்லை.

எல்லோர்க்கும் உரியதாயிருந்த இசை எவ்வாறு பூட்டப்பட்டது? பல பூட்டுகள் உண்டு. குருகுலம் ஒன்று: தந்தையிடமிருந்து மகனுக்கு, மாமனிடமிருந்து மருகனுக்குச் சென்ற கல்வி அது. நாதசுரமும் தவிலும் பயின்ற குடியினர் கலையைக் கண்போல் காத்தனர், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கலைஞரே தோளில் துண்டு போடக்கூடாது என்றொரு சமூகம் தடுத்தது. கானாடுகாத்தானில் சிவக்கொழுந்து என்னும் நாதசுரக் கலைஞர்க்காகப் பட்டுக்கோட்டை அழகிரி வாதாடிய நிகழ்ச்சி சுயமரியாதை இயக்க வரலாற்றில் நிலைத்துவிட்டது. ஊதுகிறவன் தோளிலேயே துண்டு கூடாதென்றால், கேட்க வரும் சேரிச் சிறுவனை எங்கே நிற்க வைத்திருப்பார்கள்?

மற்றொரு பூட்டு மொழி. இன்றும் இசை பயிலத் தொடங்கும் குழந்தை சரளி வரிசை, சண்ட வரிசை, அலங்காரம், கீதம் என்று படிப்படியாக ஏறுகிறது. இந்தப் படிகளை அமைத்தவர் பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த புரந்தரதாசர் என்பர். அமைப்பு நல்ல அமைப்பே. மாயாமாளவகௌளை இராகத்தில் தொடங்கியதிலும் கற்பிப்போரின் நுட்பம் இருக்கிறது. ஆனால் புரந்தரதாசர் யாருக்காகப் பாடினார்? கன்னட நாட்டு மக்களுக்கு விளங்கும் கன்னடத்தில் பாடினார். தியாகராசரும் தம் தாய் பேசிய தெலுங்கில் பாடினார். அவருடைய இசைப் பெருமையை நாம் குறைத்து மதிப்பவர் அல்லோம். 1767இல் திருவாரூரில் பிறந்து காவிரிக் கரையில் வாழ்ந்தவர் அவர். அவர்கள் செய்ததை அப்படியே பின்பற்றுவதாயின் தமிழ்க் குழந்தைக்கு முதல் கீதத்தைத் தமிழிலல்லவா கற்பித்திருக்க வேண்டும்? பொருள் விளங்காத சொல்லைக் குழந்தை வாயில் திணித்து, அது சலித்து ஓடும்போது, "இதற்குச் சங்கீத ஞானம் இல்லை" என்று தீர்ப்பு எழுதினார்கள்.

இதை முதலில் உணர்ந்து செயலாற்றியவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்பது நம் தொழிலுக்குப் பெருமை. ஆபிரகாம் பண்டிதர் 1859இல் தென்காசிப் பகுதியில் சாம்பவர் வடகரையில் பிறந்தவர். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றுத் தஞ்சைக்கு வந்து, அங்குப் பெண்கள் பள்ளியில் ஆசிரியராக விளங்கினார். அவர் மனைவியாரும் அதே பள்ளியில் ஆசிரியை. பின்னர் சித்த மருத்துவத்தில் ஈட்டிய பொருளை இசைக்கே செலவிட்டார். 1912இல் சங்கீத வித்தியா மகாசன சங்கம் கண்டார். 1917இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டார். அந்தப் பெருநூலைப் பற்றிப் பேசுவோர் பலர். அதற்கும் முன்பே, தொடக்க மாணவர்க்கென்று தமிழிலேயே கீதமும் சுரசதியும் இயற்றித் தொகுத்தார் என்பதைப் பேசுவோர் சிலரே. சுருதிக் கணக்கில் அவரோடு மாறுபடுவோர் இருக்கலாம். வகுப்பறையில் நின்ற அனுபவம் உள்ளவர்க்கே தோன்றும் கவலை அந்தச் சிறு நூலில் இருக்கிறது.

அதன்பின் 1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலைச் செட்டியார் இசைக் கல்லூரி தொடங்கினார். 1941இல் தமிழிசை மாநாடுகள் கூடின. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. 1949 முதல் பண்ணாராய்ச்சி நடந்தது. எதிர்ப்பும் எழுந்தது. 1946இல் திருவையாற்றுத் தியாகராசர் விழாவில் தண்டபாணி தேசிகர் தமிழ்ப் பாட்டுப் பாடியதற்கே மேடை தீட்டுப்பட்டது என்று பேசப்பட்டதையும், அதைக் கண்டித்து இளைஞராயிருந்த கலைஞர் குடியரசு ஏட்டில் எழுதியதையும் படிப்போர் அறிவர். அந்த நாளில் பெரியார் சொன்ன எச்சரிக்கை வேறு வகையானது. தமிழில் பாடினால் மட்டும் போதாது. பாட்டின் கருத்து மக்களுக்கு அறிவும் மானமும் ஊட்டுவதாயிருக்க வேண்டும் என்றார். பாரதிதாசனார் இசையமுதைப் படைத்தது அந்த வழியில்தான். யாழெடுத்துத் துயர் தீர்க்கமாட்டாயா என்று கேட்கும் அவருடைய பாட்டுக்குத் தேசு இராகத்தில் தேசிகர் மெட்டமைக்க, அது 1951இல் அண்ணாவின் ஓர் இரவு திரைப்படத்தில் வந்தது. தேசு என்ற பெயரையே கேட்டறியாத வீடுகளிலும் அந்தப் பாட்டு இன்றுவரை ஒலிக்கிறது. விளங்கும் சொல்லும் நல்ல பண்ணும் சேர்ந்தால் கேட்க ஆள் இல்லை என்ற குறை எழுந்ததில்லை.

ஆனால் நம் வட்டாரத்தார் நெஞ்சைச் சுடும் ஒரு செய்தி உண்டு. சிதம்பரமும் கள்ளக்குறிச்சியும் அன்று ஒரே தென்னார்க்காடு மாவட்டம். அதே மாவட்டத்தின் கீழ்க்கோடியில் தமிழுக்கு இசை உண்டா என்று அறிஞர் கூடி வழக்காடியபோது, மேற்குக் கோடியிலிருந்த கல்வராயன் மலை மூன்று சாகிர்தார்களின் கையில் கிடந்தது. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்ற பெயரால் அமைந்தவை அந்தச் சாகிர்கள். மலையாளி என வழங்கும் மலைவாழ் மக்கள் (கேரளத்தார் அல்லர், மலையை ஆள்வோர் என்பது பொருள்) சாகிர்தார்க்கு வரியும் ஊழியமும் செலுத்தி வாழ்ந்தனர். நாடு விடுதலையடைந்த 1947இல் அல்ல, 1976இல்தான் அந்த ஆட்சி முடிவுக்கு வந்தது. சிதம்பரத்தில் இசைக் கல்லூரி தோன்றி 47 ஆண்டு கழித்து! மலைப் பிள்ளைக்கு இசை எட்டவில்லை என்று சொல்லுகிறவர்கள், பள்ளிக்கூடமே எப்போது எட்டியது என்ற கணக்கையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

கேட்கும் பொறுமை சிறுவர்க்கு இல்லை என்பதும் நம் ஊரில் செல்லாத வாதம். திரௌபதியம்மன் கோயில் முன் தெருக்கூத்து நடக்கும் இரவில், பாயை விரித்து முதல் வரிசையில் உட்காருகிறவர்கள் யார்? எட்டு வயதும் பத்து வயதும் ஆன பிள்ளைகளே. முகவீணையும் ஆர்மோனியமும் மத்தளமும் முழங்க, கட்டியக்காரன் சிரிக்க வைக்க, விடியும் வரை கண் கொட்டாமல் இருக்கிறார்கள். மோகனமும் முகாரியும் கல்யாணியும் அவர்கள் காதில் விழுந்துகொண்டே இருக்கின்றன. அழுகைக்கு இன்ன மெட்டு, வீரத்துக்கு இன்ன மெட்டு என்று பெயர் தெரியாமலே பிரித்தறிகிறார்கள். பாரதக் கதையின் மூடக் கருத்துகளை நாம் மறுக்கலாம். அந்தக் காதுகளை மறுக்க முடியாது.

காதில் முன்பே இருப்பதிலிருந்து தொடங்குவது என்ற முறை நமக்கு மட்டும் தோன்றியதன்று. அங்கேரி நாட்டில் சோல்தான் கோடாய் என்னும் இசையறிஞர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பார்டோக் என்பாரோடு ஊர் ஊராகச் சென்று உழவர் பாடல்களைத் திரட்டினார். பள்ளிப் பிள்ளைக்கு முதலில் அந்தப் பாடல்களையே கற்பிக்கவேண்டும். அவற்றின் வழியே பெரும் இசைக்கு ஏறவேண்டும் என்றார். 1950இல் கெச்கெமேட் என்னும் ஊரில் இசையை நாள்தோறும் பயிற்றும் தொடக்கப் பள்ளி அந்நெறியில் தோன்றியது. சுரங்களைக் கைச் சைகையால் காட்டிப் பாடவைக்கும் பழக்கமும் அங்கு உண்டு. குரவை ஆடிய ஆய்ச்சியர்க்கு முழு உடலே சைகையாயிருந்தது.

நாமும் வகுப்பில் இதைச் செய்து பார்த்தோம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் எழுவரை வட்டமாக நிறுத்தி, ஆளுக்கொரு சுரப் பெயரை அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டினோம். தமிழ்த்தாய் வாழ்த்தை மெல்லப் பாடச் சொல்லி, தன் சுரம் வரும்போது மட்டும் ஒருவர் ஓரடி முன்வரவேண்டும் என்றோம். முதல் நாள் குழப்பம்; மூன்றாம் நாள் ஐவர் தவறாமல் முன்வந்தனர். உழையாகவும் தாரமாகவும் நின்ற இருவர் அசையவே இல்லை. தாரமாக நின்றவள் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் சிறுமி. "எங்க ரெண்டு பேருக்கும் மட்டும் ஏன் சார் பாட்டே வரல?" என்று கேட்டாள்.

இதைவிட நல்ல கேள்வியை இசைக் கல்லூரியிலும் கேட்டுவிட முடியாது. அந்த இருவரும் நீங்கினால்தான் அது முல்லைப் பண். இருவரும் சேர்ந்து எழுவரும் பாடினால் அது அரிகாம்போதி. முதற் சுரத்தை மாற்றினால் இன்னொரு வியப்பு. குரலை விட்டு உழையிலிருந்து வட்டத்தைத் தொடங்கினால் சங்கராபரணம். அந்தச் சிறுமி நின்ற தாரத்திலிருந்து தொடங்கினால் கல்யாணி! எவரும் இடம் மாறவில்லை. எந்தச் சுரமும் மாறவில்லை. தொடங்கும் இடம் மட்டுமே மாறியது. பழந்தமிழர் வட்டப்பாலை என்று சொன்னது இதைத்தான். முல்லைப் பண்ணின் ஐவரை மட்டும் வைத்துக்கொண்டு துத்தத்தில் தொடங்கினால் மத்தியமாவதி, கைக்கிளையில் தொடங்கினால் இந்தோளம், இளியில் தொடங்கினால் சுத்த சாவேரி, விளரியில் தொடங்கினால் சுத்த தன்யாசி என்று இன்னும் நான்கு பண் பிறக்கின்றன. சங்கீதத்துக்கே உரிய அச்சுறுத்தும் பெயர்கள் எல்லாம் ஒரு வட்டத்தைச் சுற்றி நடந்தால் வந்துவிடுகின்றன என்று கண்டபோது பிள்ளைகள் சிரித்த சிரிப்பை இங்கே எழுத்தில் காட்ட இயலாது. கமகமும் நுட்பமும் பின்னே நல்லாசிரியரிடம் கற்கவேண்டியவை. அதை நாம் மறைக்கவில்லை.

அந்த நல்லாசிரியர் எங்கே இருக்கிறார் என்பதே இப்போதைய கேள்வி. தமிழ்நாட்டரசு 1990களின் இறுதியில் தொடங்கி 17 மாவட்ட அரசு இசைப் பள்ளிகளை அமைத்தது. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் ஆகியவை கற்பிக்கப்படுகின்றன. எந்தக் குலத்தவரும் சேரலாம். இது சிறிய செய்தியன்று. நூறாண்டுக்கு முன் கனவிலும் வராதது. அந்தப் பதினேழில் நம் பகுதிக்கு வாய்த்தது விழுப்புரத்துப் பள்ளி. அது அமைந்தபோது கள்ளக்குறிச்சி விழுப்புரம் மாவட்டத்துள் இருந்தது. 2019 நவம்பரில் தனி மாவட்டமாயிற்று. விழுப்புரத்துப் பள்ளி வெள்ளிமலையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். சேரும் வயது 12 முதல் 25 வரை. மலைப் பிள்ளை அத்தனை தொலைவு சென்று மூன்றாண்டு தங்கிப் படிக்க வேண்டுமென்றால் அதற்கென விடுதி வேண்டும், உதவித்தொகை வேண்டும். இரண்டும் இன்றேல், கதவு திறந்திருப்பதும் மூடியிருப்பதும் அப்பிள்ளைக்கு ஒன்றே.

ஆகையால் நாம் கேட்பது பெரியதன்று. மலைமேல் உள்ள உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கு வாரம் ஒரு நாளாவது சென்று கற்பிக்க ஓர் இசையாசிரியர் வேண்டும். அவர் போக்குவரத்துக்கு வழி வேண்டும். பள்ளிக்கு ஒரு சுருதிப்பெட்டி வேண்டும். பாடநூலில் ஆய்ச்சியர் குரவையைத் தமிழ்ப் பாடமாக மட்டும் அச்சிடாமல், அந்தப் பண்ணைப் பாடிக் காட்ட ஒரு பாடவேளை ஒதுக்கவேண்டும். ஏழு அட்டைகளை நாமே எழுதிக்கொள்வோம்.